சந்தா இல்லாத காவல்: வீட்டுக் கண்காணிப்புக் கேமராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோடை விடுமுறை தொடங்கியதும் புனே நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல சொந்த ஊருக்குப் புறப்படுகின்றன. காட்கி, ராஸ்தா பேட் போன்ற பழைய பகுதிகளில் வாழ்வோரும், ஹிஞ்சவாடி, கராடி ஆகிய இடங்களில் கணினி நிறுவனங்களில் பணிபுரிவோரும் இரண்டு வாரம், மூன்று வாரம் எனத் தம் வீடுகளைப் பூட்டிச் செல்கின்றனர். எஞ்சிய மாதங்களிலும், கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் வீடுகளில் முதியோரும் குழந்தைகளும் தனித்திருக்கும் நேரம் மிகுதி. எனவே வாசலில் ஒரு கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்னும் எண்ணம் இயல்பாகவே எழுகிறது.

தெருவைக் காக்க அரசின் கேமராக்கள் உள்ளன. 2012 ஆகஸ்ட் 1 அன்று ஜங்லி மகராஜ் சாலையில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்ததற்குப் பின்னர், புனே, பிம்ப்ரி சிஞ்ச்வட் ஆகிய இரு நகரங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்களைக் கொண்ட கண்காணிப்பு அமைப்பு நிறுவப்பட்டது. ஆனால் அவற்றின் பார்வை பொது இடத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டு வாசலுக்கு வீட்டுக்காரரே பொறுப்பு.

கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் கேமராவின் விலையையும் படத்தின் தெளிவையும் விசாரிக்கின்றனர். அவற்றுக்கு முன்னர் கேட்க வேண்டிய வினா வேறொன்று: பதிவாகும் காட்சி எங்கே சேமிக்கப்படுகிறது? செலவு, அந்தரங்கம், குற்றம் நிகழ்ந்தால் கையில் மிஞ்சும் சான்று ஆகிய மூன்றும் இந்த ஒரு வினாவின் விடையைச் சார்ந்தே அமைகின்றன.

சந்தா என்பது எதற்கான கட்டணம்?

சில கேமராக்கள் காட்சியை இணையம் வழியாகத் தம் நிறுவனத்தின் கணினிகளுக்கு அனுப்பி அங்கே சேமிக்கின்றன. இதனையே ‘கிளவுடு’ சேமிப்பு என்கிறோம். அந்த இடத்துக்கான மாத வாடகையே சந்தா. அதைச் செலுத்தாவிடில், இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில் நேரலைக் காட்சியை மட்டுமே காண இயலும்; நேற்று நடந்ததைத் திரும்பப் பார்க்க இயலாது. கேமரா நமக்குச் சொந்தமாயினும், அதன் நினைவு நமக்குச் சொந்தமன்று.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு கேமராவுக்கு மாதம் 150 ரூபாய் சந்தா என்று கொள்வோம். இரண்டு கேமராக்களுக்கு ஆண்டுக்கு 3,600 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 18,000 ரூபாய். மாதத் தொகை சிறிதாகத் தோன்றுவதால் இந்தக் கூட்டுத்தொகை நம் கண்ணில் படுவதில்லை. கேமராவின் விலையை ஒப்பிடும்போது ஐந்தாண்டுச் சந்தாவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

விதிமுறைகள் இடையில் மாறவும் கூடும். அமெரிக்காவின் ஆர்லோ நிறுவனம், தன் பழைய மாதிரிகளுக்கு வழங்கிவந்த ஏழு நாள் இலவசச் சேமிப்பை நிறுத்தப்போவதாக 2023 ஜனவரியில் அறிவித்தது. வாடிக்கையாளர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின்னரே அம்முடிவிலிருந்து பின்வாங்கியது. இன்று இலவசமாகக் கிடைப்பது நாளையும் இலவசமாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

முன்னரே சந்தா செலுத்திவரும் வாடிக்கையாளர்கள் ஒன்றை அறிந்திருத்தல் நலம். அட்டை வழியாகத் தொடர்ந்து பிடிக்கப்படும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, தொகை பிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னர் நமக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தத் தவணையையோ முழு ஒப்புதலையோ நிறுத்தும் வசதியும் தரப்பட வேண்டும். அந்த அறிவிப்பைப் படிக்காமல் அழித்துவிட வேண்டா. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுவதால் மட்டும் சந்தா நின்றுவிடாது. கொடுத்த ஒப்புதலை வங்கிச் செயலியிலோ யுபிஐ செயலியின் ‘ஆட்டோபே’ பகுதியிலோ நீக்கினால்தான் நிற்கும்.

சந்தா இல்லாத வழிகள்

முதலாவது வழி, கேமராவுக்குள்ளேயே பொருத்தப்படும் மெமரி கார்டு. ஒன்று அல்லது இரண்டு கேமராக்கள் போதுமான சிறு வீடுகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் இது ஏற்றது. சுவரில் நீண்ட கம்பிகள் இழுக்கத் தேவையில்லை. வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம். ஆனால் கேமராவைத் திருடுபவர் சான்றையும் உடன் எடுத்துச் செல்கிறார் என்பது இதன் பெருங்குறை. கைக்கு எட்டாத உயரத்தில் பொருத்துவதும், இரண்டாவது கேமராவை வீட்டின் உட்புறம் வாசலை நோக்கி வைப்பதும் இக்குறையை ஓரளவு தணிக்கும்.

இரண்டாவது வழி, டிவிஆர் அல்லது என்விஆர் எனப்படும் பதிவுப் பெட்டி. எல்லாக் கேமராக்களின் காட்சியும் ஒரே பெட்டியிலுள்ள ஹார்டு டிஸ்கில் பதிவாகும். நான்கு கேமராக்கள் வேண்டும் தனி வீடுகளுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கும் இதுவே பொருந்தும். பெட்டியைத் தொலைக்காட்சிக்கு அருகில் வைப்பது பலர் வழக்கம். திருடரும் அதை அறிவர். பூட்டிய அலமாரியிலோ பரணிலோ, காற்றோட்டம் உள்ள மறைவிடத்தில் வைப்பதே முறை.

மூன்றாவது வழி, வீட்டிலேயே உள்ள ஒரு கணினியிலோ வலையமைப்புச் சேமிப்புக் கருவியிலோ காட்சிகளைப் பதிவுசெய்வது. கணினித் துறையில் பழகியோருக்கு இது எளிது, பிறருக்குப் பரிந்துரைப்பதற்கில்லை.

எத்தனை நாள் நினைவு வேண்டும்?

இங்கேதான் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். கார்டோ டிஸ்கோ நிரம்பியதும் கருவி பழைய காட்சியை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். இருபது நாள் ஊரில் தங்கித் திரும்பும் குடும்பம், இரண்டாம் நாளே பூட்டு உடைக்கப்பட்டதைக் கடைசி நாளில் காண நேரலாம். பதிவு பத்து நாள்களுக்கு மட்டுமே நிற்குமாயின், அந்தக் காட்சி அழிந்து எட்டு நாள்களுக்கு மேல் ஆகியிருக்கும். ஆகவே நாம் வீட்டைப் பூட்டிச் செல்லும் மிக நீண்ட காலத்தைவிடப் பதிவுக் காலம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே முதல் விதி.

கணக்கு கடினமன்று. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாது பதிவுசெய்யும் கேமரா, ஒரு நாளைக்கு 21.6 ஜிபி இடத்தை நிரப்பும். அப்படியாயின் 128 ஜிபி கார்டு ஆறு நாள்களுக்கும் சற்றுக் குறைவாகவே தாங்கும். 256 ஜிபி கார்டு ஏறத்தாழ 12 நாள்கள் தாங்கும். நான்கு கேமராக்கள் உள்ள பெட்டியில் 1 டிபி டிஸ்க் ஏறத்தாழ 11 நாள்களும், 2 டிபி டிஸ்க் 23 நாள்களும் தாங்கும். எச்.265 என்னும் சுருக்க முறை உள்ள கருவி, பழைய எச்.264 முறையைவிட ஏறத்தாழப் பாதி இடத்தில் அதே தரத்தைத் தர வல்லது. அசைவு தென்படும்போது மட்டும் பதிவுசெய்யுமாறு அமைத்தால் நாள்கள் மேலும் நீளும். எனினும் சில நிகழ்வுகள் தவறிப்போகவும் கூடும்.

கைப்பேசியில் பயன்படுத்திய பழைய கார்டைக் கேமராவில் இடுவது சிக்கனமன்று. இரவு பகலாக எழுதப்படும் கார்டு விரைவில் தேய்ந்துவிடும். ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று குறிக்கப்பட்ட கார்டுகளும், கண்காணிப்புக்கெனத் தனியே தயாரிக்கப்படும் ஹார்டு டிஸ்குகளும் இதற்கென்றே விற்கப்படுகின்றன.

கடையில் கேட்க வேண்டியவை

புத்வார் பேட்டின் தாப்கீர் கல்லியில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் பின்வருவனவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஒன்று: சந்தா இல்லாமல் எவை இயங்கும்? பழைய பதிவைப் பார்த்தல், அசைவு அறிவிப்பு, மனிதரையும் பூனையையும் பிரித்தறிதல், காட்சியைக் கைப்பேசிக்கு இறக்குதல் ஆகிய நான்கையும் தனித்தனியே கேட்க வேண்டும். ‘கார்டு போடலாம்’ என்னும் விடை மட்டும் போதாது.

இரண்டு: இணையம் நின்றாலும் பதிவு தொடருமா? கடையிலேயே கேமராவை இயக்கச் செய்து, இணைய இணைப்பைத் துண்டித்து, சில நிமிடங்கள் கழித்துப் பதிவைத் திறந்து காட்டச் சொல்லலாம்.

மூன்று: ‘ஆன்விஃப்’ தரத்துக்கு உட்பட்டதா? ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய நிறுவனங்கள் 2008இல் தொடங்கிய இப்பொதுத் தரத்தைப் பின்பற்றும் கேமராவை வேறு நிறுவனத்தின் பதிவுப் பெட்டியோடும் இணைக்கலாம். நாளை அந்நிறுவனம் தன் செயலியை நிறுத்தினாலும் கேமரா வீணாகாது.

நான்கு: முகம் அடையாளம் தெரியுமா? அறிமுகமில்லாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு 250 படப்புள்ளிகள் வேண்டும் என்பது இத்துறையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவுகோல். 1080பி கேமராவின் அகலம் 1,920 புள்ளிகள். அதன் பார்வைக் கோணம் 90 பாகையாயின், ஏறத்தாழ 4 மீட்டர் தொலைவு வரையே இந்த அளவு கிட்டும். அடுக்குமாடி வீட்டு வாசலுக்கு அது போதும்; வாகன நிறுத்துமிடத்தின் மறுகோடியில் நிற்பவரின் முகத்துக்குப் போதாது. பரந்த கோணம் நிறைய இடத்தைக் காட்டும். ஆனால் அந்த அளவுக்கு முகம் சிறுத்துவிடும்.

ஐந்து: மழையைத் தாங்குமா? ஜூன் முதல் செப்டம்பர் வரை புனேயில் பெய்யும் பருவமழையில் நனையும் இடத்துக்கு ஐபி66 அல்லது ஐபி67 குறியீடு உள்ள கேமராவே ஏற்றது. வீட்டுக்குள் வைக்கும் கேமராவை மழைக்கு அஞ்சிச் சன்னல் கண்ணாடிக்குப் பின்னே வைத்தால், இரவில் அதன் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் காட்சியை வெளுக்கச் செய்துவிடும்.

ஆறு: அரசின் பதிவு பெற்றதா? மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சிசிடிவி கேமராக்கள் இணையப் பாதுகாப்புச் சோதனைகளிலும் தேற வேண்டும். இவ்விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. கருவியின்மேல் அச்சிடப்பட்டுள்ள ‘ஆர்’ என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். பெயரறியாத மலிவுக் கேமராக்களை ஒதுக்க இதுவே எளிய வழி.

மின்சாரம் நின்றால்?

புனேயில் பராமரிப்புப் பணிகளுக்காக மின்சாரம் சில மணி நேரம் நிறுத்தப்படுவது புதிதன்று. சந்தா கேமராவாயினும் சந்தா இல்லாத கேமராவாயினும் மின்சாரம் இல்லையேல் இரண்டுமே குருடு. கேமரா, ரவுட்டர், பதிவுப் பெட்டி ஆகிய மூன்றையும் இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்க்க வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளில் ரவுட்டருக்கென விற்கப்படும் சிறு யுபிஎஸ் பயன்படும்; கேமராவுக்கும் அது பொருந்துமா என்பதை வோல்ட் அளவு பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஊருக்குப் புறப்படும்போது பழக்கத்தால் வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்துச் செல்வோர், கேமராவையும் சேர்த்தே அணைத்துவிடுகின்றனர் என்பதை மறக்க வேண்டா.

பூட்டுக்கும் பூட்டு வேண்டும்

காட்சி நம் வீட்டிலேயே இருப்பதால் அது தானாகவே பாதுகாப்பாகிவிடாது. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்ட செய்தி 2025 பிப்ரவரியில் நாட்டையே அதிரவைத்தது. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதே கதவைத் திறந்துகொடுத்தது. 2016 அக்டோபரில் அமெரிக்காவின் பெரும் இணையதளங்கள் பலவற்றை முடக்கிய ‘மிராய்’ தாக்குதலிலும், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லோடே இயங்கிய கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும் உரிமையாளர் அறியாமலே கருவிகளாக்கப்பட்டன.

எனவே பொருத்துபவர் வீட்டைவிட்டுச் செல்லும் முன்னரே கடவுச்சொல்லை நம் கையால் மாற்ற வேண்டும். அது வங்கிக் கணக்குக்குப் பயன்படுத்தும் கடவுச்சொல்லாக இருக்கக் கூடாது. செயலியில் இரட்டைச் சரிபார்ப்பு வசதி இருந்தால் அதனை இயக்க வேண்டும். பொருத்துபவரின் கைப்பேசியில் நம் கேமரா சோதனைக்காகச் சேர்க்கப்பட்டிருந்தால் அதை நீக்கச் செய்ய வேண்டும். மென்பொருள் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது.

‘எல்லாம் வீட்டுக்குள்ளேயே’ என்னும் விளம்பரத்தையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். உள்ளூர்ச் சேமிப்பைப் பெருமையாகக் கூறிய யூஃபி கேமராக்கள், கைப்பேசி அறிவிப்புக்கான சிறு படங்களைக் கிளவுடுக்கு அனுப்பியதை 2022 நவம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தினார். படுக்கையறையிலும் குளியலறையிலும் கேமரா வைக்காதிருப்பதே இவை அனைத்துக்கும் மேலான பாதுகாப்பு.

பிறர் உரிமை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நம் கேமரா நம் வாசலையும் அதன் முன்னுள்ள நடைவழியையும் காணலாம். எதிர்வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளறையைக் காணலாகாது. பல கேமராக்களில் காட்சியின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும். பொது நடைவழியில் பொருத்துமுன் குடியிருப்புச் சங்கத்தின் எழுத்து வழி இசைவைப் பெறுவது பின்னாளைய மனக்கசப்பைத் தவிர்க்கும்.

ஒரே வீட்டுக்குள்ளும் இவ்வுரிமை உண்டு. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வாழ்ந்த சகோதரர் இருவரிடையே எழுந்த வழக்கில், உடன் வாழ்வோரின் இசைவின்றி வாழ்விடத்துக்குள் கேமரா இயக்கலாகாது என அந்நகர உயர் நீதிமன்றம் 2025இல் கூறியது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கும், நம்மோடு வாழும் பெற்றோருக்கும் கேமரா எங்கே உள்ளது என்பதை முன்கூட்டியே கூறிவிடுவது சட்டத்துக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

பதிவு சான்றாகும் நாள்

சந்தா இல்லாத கேமராவின் பெரும்பயன் குற்றம் நிகழ்ந்த பின்னரே தெரியவரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் அளிக்கும்போது உடன் ஒரு சான்றிதழையும் கோருகிறது. இதற்கு முந்தைய சட்டத்தின் காலத்திலேயே, மகாராஷ்டிரத்தின் ஜால்னா தேர்தல் வழக்கில் 2020 ஜூலை 14 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்றது. மூலப் பதிவுள்ள கருவியையே உரிமையாளர் நேரில் கொணர்ந்து மெய்ப்பித்தால் அது தேவையில்லை என்றும் விளக்கியது. மூலம் நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும்போது அதை ஒப்படைப்பது நம் கையிலேயே உள்ளது. அயல்நாட்டு நிறுவனத்தின் கணினியில் இருந்தால் அந்நிறுவனத்தின் ஒத்துழைப்புக்காகக் காத்திருக்க நேரலாம்.

திருட்டு நடந்ததாக அறிந்தால் 112 என்னும் எண்ணை அழைத்துவிட்டு, பதிவுப் பெட்டியின் இயக்கத்தை நிறுத்தி மேலெழுதுவதைத் தடுக்க வேண்டும். கார்டை அழித்தோ வெட்டியோ ஒட்டியோ எதுவும் செய்யலாகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய காட்சி சுருங்கித் தரம் இழக்கும். அது அண்டை வீட்டாருக்குக் காட்ட உதவலாம், மூலத்துக்கு ஈடாகாது. கருவியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்பதையும் அவ்வப்போது பார்த்துவர வேண்டும்.

சந்தாவே ஏற்றது எப்போது?

நடுநிலையோடு ஒன்றைக் கூற வேண்டும். ஆண்டில் பல மாதங்கள் பூட்டியே கிடக்கும் ஊர் வீட்டில், கேமராவும் பெட்டியும் சேர்ந்தே களவுபோகும் வாய்ப்பு உண்டு. அத்தகைய வீட்டின் வாசல் கேமரா ஒன்றுக்கு மட்டும் கிளவுடு சந்தா பெற்று, எஞ்சியவற்றை உள்ளூர்ச் சேமிப்பில் வைப்பது அறிவுடைமையே. பதிவைச் சரிபார்க்க நேரமோ பழக்கமோ இல்லாத முதியோருக்கும் சந்தா வசதியாக இருக்கலாம். சந்தா செலுத்தாதவர் அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்கிறார். மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் செலவிட்டு, பத்து நாள்களுக்கு முந்தைய காட்சி ஒன்றைத் திறந்து பார்ப்பதே அவர் செலுத்தும் சந்தா.

எத்தகைய கேமராவும் நடந்ததைக் கூறுமேயன்றி நடப்பதைத் தடுத்துவிடாது. வங்கியின் பெட்டக அறைக்குள் செல்வோர், வருவோர் பற்றிய கேமராப் பதிவுகளைக் குறைந்தது 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2021இல் விதித்துள்ளது. அத்தனை நீண்ட நினைவை எந்த வீட்டுக் கேமராவிடமும் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே நீண்ட பயணத்துக்கு முன்னர் நகைகளையும் மூல ஆவணங்களையும் பெட்டகத்தில் வைத்துவிட்டு, கார்டின் கொள்ளளவை விடுமுறை நாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பின்னரே வீட்டைப் பூட்ட வேண்டுகிறோம்.